மனசு சோர்ந்து கிடக்கும்போது துதிப் பாட்டு எப்படிப் பாடுவது? பெங்களூருவில் இருக்கிறவர்கள் சொல்லுங்கள்

பெல்லந்தூர்வாசி · ஞாயிறு இரவு 10.50

எல்லாருக்கும் ஸ்தோத்திரம். சொந்த ஊர் சாத்தான்குளம் பக்கம். படிப்பு முடிந்ததிலிருந்து பெங்களூருதான். இந்த வருஷத் தொடக்கத்தில் நான் வேலை பார்த்த கம்பெனியில் ஆட்குறைப்பு வந்தது, எங்கள் டீமையே கலைத்துவிட்டார்கள். அன்றிலிருந்து தேடிக்கொண்டே இருக்கிறேன். மூன்றாவது ரவுண்டு வரைக்கும் போகிறது, அப்புறம் பதிலே வருவதில்லை. காலையில் பி.ஜி.யில் எல்லாரும் ஐடி கார்டை மாட்டிக்கொண்டு கிளம்பிவிட்டால் அந்த மாடி முழுக்க நான் ஒருத்தன்தான். அம்மாவிடம் இன்னும் சொல்லவில்லை.

ஞாயிற்றுக்கிழமை ஆராதனைக்குத் தவறாமல் போகிறேன். துதி வேளையில் டிரம்ஸும் கீபோர்டும் முழங்க எல்லாரும் கையை உயர்த்திப் பாடுகிறார்கள். நான் திரையில் ஓடுகிற வரிகளைப் பார்த்துக்கொண்டு நிற்கிறேன். எங்கள் ஜெபக்குழுவை நடத்துகிற அண்ணனிடம் மனசைத் திறந்து சொன்னேன். “துதித்துப் பாடு தம்பி, சோர்வு தானாக ஓடிப்போகும்” என்றார். அன்பாகத்தான் சொன்னார். அறைக்கு வந்து கதவைச் சாத்திக்கொண்டு பாடப் பார்த்தேன். இரண்டாவது வரியிலேயே தொண்டை அடைத்துவிட்டது.

சந்தோஷமே இல்லாதபோது “சந்தோஷமாய்ப் பாடுவேன்” என்று பாடினால் அது தேவனிடம் பொய் சொல்வது ஆகாதா? இந்த வழியில் நடந்து வந்தவர்கள் இருந்தால் எப்படிப் பாடினீர்கள் என்று சொல்லுங்கள். வசனத்தை மட்டும் ஒட்டிவிட்டுப் போய்விடாதீர்கள், ப்ளீஸ்.

---

லிங்கராஜபுரம்அக்கா · ஞாயிறு இரவு 11.20

தம்பி, முதலில் சாப்பிட்டீர்களா? இந்த நேரத்தில் உட்கார்ந்து இவ்வளவு எழுதியிருக்கிறீர்கள்.

நான் நடந்து வந்தவள்தான். என் வீட்டுக்காரர் போன பிறகு இரண்டு பிள்ளைகளையும் வைத்துக்கொண்டு டெய்லரிங் செய்துதான் பிழைத்தேன். பாட்டு இல்லாவிட்டால் நான் நிமிர்ந்திருக்கவே மாட்டேன். இதை எங்கே வேண்டுமானாலும் சொல்லுவேன். ஆனால் சத்தமாகப் பாடினது கிடையாது. விடியற்காலையில் பால் காய்ச்சும்போது வாய்க்குள்ளேயே முனகுவேன். வார்த்தை வராது, மெட்டு மட்டும் வரும். சின்ன வயதில் ஓய்வுநாள் பள்ளியில் கற்றுக்கொண்ட பாட்டுதான், புதுப்பாட்டு ஒன்றுமில்லை. கொஞ்ச நாள் போனபின் ஒரு வரி வந்தது, அப்புறம் ஒரு சரணம். அழுதுகொண்டேதான் பாடினேன். அழுகையும் பாட்டும் ஒன்றாக வந்தால் தேவன் ஒன்றைத் தள்ளி ஒன்றை மட்டும் எடுத்துக்கொள்வாரா?

வசனம் வேண்டாம் என்றீர்கள், ஒன்றே ஒன்று சொல்லிவிடுகிறேன். பவுலும் சீலாவும் பிலிப்பி ஜெயிலில் பாடினார்கள் என்று எல்லாரும் பிரசங்கிக்கிறார்கள். அவர்கள் முதுகு அடிபட்டுக் கிழிந்திருந்தது, கால்கள் தொழுமரத்தில் மாட்டியிருந்தன. “நடுராத்திரியிலே ஜெபம்பண்ணி, தேவனைத் துதித்துப் பாடினார்கள்” என்றுதான் இருக்கிறது. முதலில் ஜெபம், அப்புறம் பாட்டு. அதுவும் இரண்டு பேராகச் சேர்ந்து பாடினார்கள். தனிச் சிறையில் ஒருத்தரை மட்டும் போட்டிருந்தால் பாட்டு வந்திருக்குமா என்று நான் யோசித்ததுண்டு.

---

காக்ஸ்டவுன்பாடகர் · திங்கள் காலை 6.15

தம்பி, உங்கள் கேள்வி நல்ல கேள்வி. பாடகர் குழுவில் பல வருஷம் இருந்தவன் என்பதால் கொஞ்சம் நீட்டி எழுதுகிறேன், பொறுமையாகப் படியுங்கள்.

42ஆம் சங்கீதத்தை எடுத்துக்கொள்ளுங்கள். பாடுகிறவன் எருசலேமில் இல்லை. யோர்தான் தேசத்தில், எர்மோன் மலைப்பக்கம், ஆலயத்துக்கு வெகுதூரத்தில் கிடக்கிறான். “முன்னே நான் பண்டிகையை ஆசரிக்கிற ஜனங்களோடே கூடநடந்து” போனேனே என்று நினைத்து நினைத்து உருகுகிறான். கண்ணீரே அவனுக்குச் சாப்பாடு. சுற்றியிருப்பவர்கள் “உன் தேவன் எங்கே” என்று கேட்கிறார்கள். ஊரை விட்டு வந்து இந்த நகரத்தில் அறை எடுத்துத் தங்கியிருக்கிற எந்தப் பையனுக்கும் இது புரியும்.

அங்கே அவன் என்ன செய்கிறான் பாருங்கள். தேவனைப் புகழத் தொடங்குவதற்கு முன்னால் தன்னிடமே கேட்கிறான்: “என் ஆத்துமாவே, நீ ஏன் கலங்குகிறாய்? ஏன் எனக்குள் தியங்குகிறாய்?” பிறகு, “நான் இன்னும் அவரைத் துதிப்பேன்” என்கிறான். இனிமேல் துதிப்பேன் என்றுதான் சொல்கிறான். இப்போது துதித்துக்கொண்டிருக்கிறேன் என்று அவன் சொல்லவில்லை. இந்தப் பல்லவி 42:5இல் வருகிறது, 42:11இல் வருகிறது, அடுத்த சங்கீதத்தின் கடைசியில் 43:5இல் மறுபடியும் வருகிறது. முதல் தடவை பாடினதும் சோர்வு போயிருந்தால் இன்னும் இரண்டு தடவை எதற்குப் பாட வேண்டும்? பல்லவிக்கும் பல்லவிக்கும் நடுவில் “ஏன் என்னை மறந்தீர்” என்றும் “ஏன் என்னைத் தள்ளிவிடுகிறீர்” என்றும் கேட்டுவிடுகிறான். அதையும் அதே ராகத்தில்தான் பாடியிருப்பார்கள்.

ஆகவே பொய் சொல்வதாகுமா என்ற உங்கள் பயத்துக்கு என் பதில் இதுதான்: இல்லாத சந்தோஷத்தைப் பாட வேண்டாம், இருக்கிற துக்கத்தைப் பாடுங்கள். அவரை நோக்கிப் பாடுகிறீர்கள் பாருங்கள், அதுவே துதி. 150 சங்கீதங்களில் மூன்றில் ஒரு பங்குக்கும் மேல் முறையீடுகள்தான். ஞாயிற்றுக்கிழமை பாட்டு வரிசையில் அவற்றுக்கு இடமில்லாமல் போனது நம் சபைகளுக்குப் பெரிய நஷ்டம். இதைப் பல கூட்டங்களில் சொல்லியிருக்கிறேன், இன்னும் சொல்லுவேன்.

நீதிமொழிகள் 25:20ஐ யாரும் பிரசங்கித்து நான் கேட்டதில்லை. மனதுக்கமுள்ளவனுக்குப் பாட்டுகளைப் பாடுகிறவன், குளிர்காலத்தில் வஸ்திரத்தைக் களைகிறவனைப்போல என்று எழுதியிருக்கிறது. துக்கப்படுகிறவனிடம் போய்க் கெம்பீரப் பாட்டைத் திணிப்பது அவன் மேல் இருக்கிற கொஞ்சநஞ்சத் துணியையும் உருவுவதாகும். பாட்டு மருந்து என்றால் யார், எப்போது, எவ்வளவு கொடுப்பது என்ற கணக்கும் அதற்கு உண்டு.

---

பெல்லந்தூர்வாசி · திங்கள் காலை 9.05

ஐயா, இதைப் படித்து ரொம்ப நேரம் அப்படியே உட்கார்ந்திருந்தேன். 43 வரைக்கும் அது ஒரே பாட்டு மாதிரிப் போகிறது என்பதே எனக்குத் தெரியாது.

அக்கா, சாப்பிட்டேன்.

இன்னொன்று கேட்கட்டுமா? யோசபாத் ராஜா பாடகர்களை முன்னால் அனுப்பி யுத்தத்தை ஜெயித்த கதையைத்தான் எங்கள் குழுவில் அடிக்கடி சொல்வார்கள். பாடத் தொடங்கினதும் எதிரிகள் முறிந்துபோனார்கள் என்று. எனக்குப் பாடவே முடியவில்லை என்றால் என் யுத்தம் அப்படியே நின்றுவிடுமா?

---

காக்ஸ்டவுன்பாடகர் · திங்கள் மதியம் 1.30

2 நாளாகமம் 20ஆம் அதிகாரத்தை முதல் வசனத்திலிருந்து வாசியுங்கள். பாடகர்கள் முன்னால் நடப்பது 21ஆம் வசனத்தில்தான் வருகிறது. அதற்கு முன்பு ராஜா பயப்படுகிறான், உபவாசம் கூறுகிறான். யூதா கோத்திரத்தார் எல்லாரும், குழந்தைகளும் பெண்டாட்டி பிள்ளைகளும்கூட, கர்த்தருக்கு முன்பாக நிற்கிறார்கள். ராஜா எல்லார் முன்பும் வாய்விட்டுச் சொல்கிறான்: எங்களுக்குப் பெலனில்லை, என்ன செய்வதென்று தெரியவில்லை, எங்கள் கண்கள் உம்மை நோக்கிக்கொண்டிருக்கின்றன. ஒரு ராஜா தன் ஜனங்களுக்கு முன்னால் ‘எனக்குத் தெரியவில்லை’ என்கிறான்! அதை முழுக்கச் சொல்லி முடித்த பிறகுதான் பாட்டு வந்தது.

இன்னொரு விஷயம், எனக்கு மிகவும் பிடித்தது. 19ஆம் வசனத்தில் எழுந்து நின்று மகா சத்தமாய்த் துதித்தவர்களில் கோராகியரின் புத்திரர் இருக்கிறார்கள். 42ஆம் சங்கீதத்தின் தலைப்பிலும் கோராகின் புத்திரர் பெயர்தான். வேதத்தில் உள்ள பாட்டுகளில் மிக இருண்டது 88ஆம் சங்கீதம். அதில் கடைசி வரைக்கும் வெளிச்சமே வராது, “எனக்கு அறிமுகமானவர்கள் மறைந்துபோனார்கள்” என்று முடிந்துவிடும். அதன் தலைப்பிலும் அவர்கள்தான். வெற்றியின் முன்னணியில் நின்று பாடிய அதே பாடகர் மரபுதான் விடியாத ராத்திரியையும் பாடி நமக்கு வைத்துப்போயிருக்கிறது. அவர்களுடைய மூதாதை கோராகு கலகம் செய்து பூமி வாய்திறந்து விழுங்க மாண்டவன். “கோராகின் குமாரரோ சாகவில்லை” என்று எண்ணாகமம் 26:11 சொல்கிறது. அவமானப்பட்ட குடும்பத்தில் மிஞ்சியவர்களின் வம்சம் அது. அதனால்தான் அவர்கள் பாட்டில் அப்படி ஒரு ஆழம் என்று நினைக்கிறேன்.

உங்கள் யுத்தம் நிற்காது தம்பி. யூதாவில் எல்லாரும் பாடவில்லை. பாடகர்கள் பாடினார்கள், மற்றவர்கள் பின்னால் நடந்தார்கள். இந்த மாதம் நீங்கள் பின்னால் நடங்கள்.

---

தங்கவயல்பேத்தி · திங்கள் இரவு 9.40

நான் கே.ஜி.எஃப். பொண்ணு. இப்போது மர்ஃபி டவுனில் இருக்கிறேன். “பின்னால் நடங்கள்” என்று ஐயா எழுதினதைப் பார்த்ததும் எங்கள் லைன் ஞாபகம் வந்துவிட்டது.

வெளியூர்க்காரர்களுக்குத் தெரியாது: கோலார் தங்கவயலில் சுரங்கத் தொழிலாளிகள் குடியிருந்த வரிசை வீடுகளை லைன் என்போம். சாம்பியன் ரீஃப் சுரங்கம் மூன்று கிலோமீட்டருக்கும் மேல் ஆழம். அடியில் பாறை வெடித்தால் மேலே எங்கள் வீட்டுச் சுவர் அதிரும், தட்டுமுட்டு சாமான்கள் உருளும். வேலைக்குப் போனவர்கள் வீட்டுப் பெண்கள் எல்லாரும் ஷாஃப்ட் பக்கம், அதாவது சுரங்க வாய்க்கு, ஓடுவார்கள். அப்போது யாரும் பாட மாட்டார்கள். என் பாட்டி இதைத் தெளிவாகச் சொல்லுவார்: “அந்நேரம் பாட்டு வராது, பேரு மட்டுந்தான் வரும். இயேசுவே, இயேசுவேன்னு.”

பாட்டு சனிக்கிழமை சாயங்காலம்தான். யாராவது ஒருவர் வீட்டு வாசலில் பாய் விரித்து உட்காருவார்கள். முதலில் ஒவ்வொருத்தரும் அந்த வாரக் கஷ்டத்தைச் சொல்ல வேண்டும். கடன், குடி, காய்ச்சல், மாமியார் சண்டை, எல்லாமே வெளியே வரும். அந்த வாரம் யாருக்குத் துக்கம் அதிகமோ அவரை நடுவில் உட்கார வைப்பார்கள். அவர் பாட வேண்டியதில்லை. சுற்றி இருப்பவர்கள் பாடுவார்கள். யாருக்கு மனசு கொஞ்சம் லேசாக இருக்கிறதோ அவர்தான் பாட்டை எடுத்துக் கொடுக்க வேண்டும். அடுத்த வாரம் ஆள் மாறும். நடுவில் இருந்தவர் எடுத்துக் கொடுப்பார், எடுத்துக் கொடுத்தவர் நடுவில் உட்காருவார்.

2001 பிப்ரவரி 28ஆம் தேதி சுரங்கத்தை மூடினார்கள். அந்தச் சனிக்கிழமை நடுவில் யாரை உட்கார வைப்பது என்று தெரியவில்லை என்று பாட்டி சொல்லுவார். எல்லா வீட்டிலும் ஒரே துக்கம். அன்றைக்கு எல்லாரும் சேர்ந்து பழைய கீர்த்தனை ஒன்றை ரொம்ப மெதுவாகப் பாடினார்களாம். அப்பா அப்புறம் மாரிக்குப்பத்திலிருந்து விடியற்கால ரயில் ஏறி பெங்களூருக்கு வேலைக்கு வரத் தொடங்கினார். இன்னும் அந்த ஊரிலிருந்து ஆயிரக்கணக்கானவர்கள் அப்படித்தான் தினமும் வந்து போகிறார்கள்.

வேலை போன வீட்டுக் கஷ்டம் எனக்குத் தெரியும் பிரதர். பாடினதால் சுரங்கம் திறக்கவில்லை. ஆனால் எங்கள் லைனில் எந்த வீடும் தனியாக மூழ்கவில்லை.

---

ஒசூர்ரோடுசெவிலி · செவ்வாய் காலை 7.50

நைட் டியூட்டி முடிந்து பஸ்ஸில் வந்துகொண்டே எழுதுகிறேன், பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

பாடும்போது உடம்பில் என்ன நடக்கிறது என்பதையும் சேர்த்துக்கொள்ளலாம். இத்தாலியில் லூசியானோ பெர்னார்தி என்பவரும் அவர் குழுவினரும் செய்த ஆய்வு 2001இல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் வந்தது. லத்தீனில் ஜெபமாலை சொல்ல வைத்துப் பார்த்தார்கள், யோக மந்திரம் சொல்ல வைத்தும் பார்த்தார்கள். இரண்டிலும் மூச்சு நிமிடத்துக்கு ஏறக்குறைய 6 தடவையாக இறங்கியது. சாதாரணமாக நமக்கு 12க்கு மேல் ஓடும். அந்த வேகத்தில் இதயத் துடிப்பும் ரத்த அழுத்தமும் ஒன்றுக்கொன்று இணங்கி ஓடுகின்றன. 2013இல் சுவீடனின் கோதன்பர்க்கில் பியோர்ன் விக்ஹோஃப் குழு, சேர்ந்து பாடுகிற இளைஞர்களை அளந்து பார்த்தது. ஒரே பாட்டை ஒன்றாகப் பாடும்போது அவர்களுடைய இதயத் துடிப்பு ஏறுவதும் இறங்குவதும் ஒன்றுபோலவே இருந்தது. எல்லாரும் ஒரே இடத்தில் மூச்சை இழுத்து ஒரே இடத்தில் விடுவதுதான் காரணம். மெதுவான பாமாலைப் பாட்டில் நாம் செய்வதும் இதேதான். வேகமான கைதட்டல் பாட்டில் இது நடக்காது. அதனால் தொண்டை அடைக்கிறவர்கள் நீண்ட வரியுள்ள மெதுவான பாட்டை எடுங்கள், மூச்சை முழுசாக விட்டுப் பாடுங்கள்.

இதை வைத்து விசுவாசத்தை நிரூபிக்க நான் வரவில்லை. நம்மை உண்டாக்கினவர் நம் மூச்சையும் அறிந்தவர்தானே.

ஆனால் தம்பியிடம் நேராக ஒன்று கேட்க வேண்டும். தூக்கம் வருகிறதா? சாப்பாடு இறங்குகிறதா? முன்பு பிடித்தது எதுவுமே பிடிக்காமல் இரண்டு வாரத்துக்கு மேலாக அப்படியே போகிறதா? “நான் இருந்து என்ன பிரயோஜனம்” என்ற நினைவு வருகிறதா? இதில் எதற்காவது ஆம் என்றால் டாக்டரைப் பாருங்கள். நிம்ஹான்ஸ் மனநல மருத்துவமனை இதே ஊரில்தான் இருக்கிறது. போகத் தயக்கமாக இருந்தால் டெலி மானஸ் என்ற அரசு மனநல உதவி எண் 14416க்கு எந்த நேரமும் பேசலாம், காசு கிடையாது, தமிழிலும் பேசலாம்.

எலியாவை நினைத்துக்கொள்ளுங்கள். சூரைச்செடியின் கீழ் படுத்து, போதும் கர்த்தாவே, என் உயிரை எடுத்துக்கொள்ளும் என்றான். தேவதூதன் வந்து அவனைப் பாடச் சொல்லவில்லை. “எழுந்திருந்து போஜனம்பண்ணு” என்றான். அடையும் ஒரு பாத்திரம் தண்ணீரும் பக்கத்தில் வைத்திருந்தது. சாப்பிட்டான், திரும்பப் படுத்தான். மறுபடியும் தட்டி எழுப்பி மறுபடியும் சாப்பாடு. 1 இராஜாக்கள் 19.

---

ஹோரமாவுஜெபவீரன் · செவ்வாய் மாலை 6.30

எல்லாருடைய பதிவையும் வாசித்தேன். சிஸ்டர், தப்பாக எடுத்துக்கொள்ள வேண்டாம். துதி இருக்கிற இடத்தில் மன அழுத்தம் எப்படி நிற்கும்? ஒடுங்கின ஆவிக்குப் பதிலாகத் துதியின் உடையைக் கொடுக்கிறார் என்று ஏசாயா 61:3 சொல்கிறதே. நான் குடியிலிருந்து விடுதலை ஆனதே ஒரு துதி ஆராதனையில்தான். அன்றைக்கு யாரும் எனக்கு மூச்சுப் பயிற்சி சொல்லித் தரவில்லை. டாக்டர், மாத்திரை என்று தொடங்கினால் விசுவாசம் குறையாதா? தம்பி நல்லா இருக்க வேண்டும் என்ற பாரத்தில்தான் கேட்கிறேன்.

---

காக்ஸ்டவுன்பாடகர் · செவ்வாய் இரவு 8.45

பிரதர், உங்கள் விடுதலைக்காகத் தேவனுக்கு ஸ்தோத்திரம். அதை ஒரு மயிரிழையும் குறைத்துப் பேச மாட்டேன். ஒரே பாட்டில் கட்டு அறுந்தவர்களை நானும் பார்த்திருக்கிறேன்.

“இம்மானுவேலின் இரத்தத்தால் நிறைந்த ஊற்றுண்டே” பாடாத தமிழ்ச் சபை உண்டா? திருவிருந்து நேரத்தில் எத்தனை தடவை பாடியிருப்போம். அதை ஆங்கிலத்தில் எழுதியவர் வில்லியம் கூப்பர், 1731இல் பிறந்தவர். சாதாரணச் சோர்வு இல்லை அவருக்கு. 1763இல் மனம் முழுக்க உடைந்து உயிரை மாய்த்துக்கொள்ளவே முயன்றார். செயின்ட் ஆல்பன்ஸில் ஒரு டாக்டரின் பராமரிப்பில் தேறினார். அங்கேதான் விசுவாசத்துக்கும் வந்தார். பிறகு ஓல்னி என்ற ஊரில் ஜான் நியூட்டன் என்ற போதகரோடு சேர்ந்து பாட்டுகள் எழுதினார். அவை 1779இல் புத்தகமாக வந்தன. ஆனால் 1773இல் மறுபடியும் விழுந்தார். தேவன் தன்னைக் கைவிட்டுவிட்டார் என்ற எண்ணம் அதன் பிறகு 1800இல் சாகும்வரை அவரை முழுதாக விடவில்லை. ஆலயத்துக்குப் போவதையே நிறுத்திவிட்டார். நியூட்டன் அவரைக் கடிந்துகொள்ளவில்லை. தன் வீட்டிலேயே ஒரு வருஷத்துக்கும் மேல் வைத்துப் பார்த்துக்கொண்டார்.

இவருக்குத் துதி தெரியாதா? விசுவாசம் குறைவா? அவர் எழுதிய பாட்டால் எத்தனை பேர் தேறியிருக்கிறார்கள்! அவருக்கோ அது நோய். நோய்க்கு வைத்தியம் வேண்டும். டாக்டரிடம் போவதால் அவர் விசுவாசம் இழக்கவில்லை, டாக்டரிடம் இருந்தபோதுதான் அதைக் கண்டடைந்தார்.

நம் ஆண்டவரையே பாருங்கள். கடைசி இராப்போஜனம் முடிந்து சீஷர்களோடு ஸ்தோத்திரப்பாட்டைப் பாடிவிட்டுத்தான் ஒலிவமலைக்குப் போனார், மத்தேயு 26:30. பஸ்காவில் 113 முதல் 118 வரையுள்ள துதிச் சங்கீதங்களைப் பாடுவது யூதர் வழக்கம். பாடி முடித்துக் கெத்செமனே தோட்டத்துக்குப் போய் என்ன சொன்னார்? “என் ஆத்துமா மரணத்துக்கேதுவான துக்கங்கொண்டிருக்கிறது.” எட்டே வசனம் தள்ளி, 38ஆம் வசனம். துதி பாடின வாயில்தான் அந்தத் துக்கமும் வந்தது. பாடினதால் துக்கம் நீங்கவில்லை. பாடினவர் அந்தத் துக்கத்தோடே பிதாவிடம் போனார், போகும்போது மூன்று பேரைக் கூட அழைத்துக்கொண்டார்.

---

அல்சூர்அடியேன் · செவ்வாய் இரவு 10.10

நான் சைவன். இந்த இழையை முதலிலிருந்து படித்துக்கொண்டு வருகிறேன், உள்ளே வரலாமா என்று யோசித்தேன். தம்பியின் கேள்வி எங்களுக்கும் உரியதுதான்.

அப்பர் பெருமான் முதல் பதிகத்தை வயிற்றைப் பிடித்துக்கொண்டுதான் பாடினார். சூலை நோய் குடலைத் திருகுகிறது. அக்கா திலகவதியார் திருவதிகைக்கு அழைத்துப் போகிறார். அங்கே “கூற்றாயினவாறு விலக்ககிலீர்” என்று எடுக்கிறார். ‘எமனைப்போல் வந்த இந்த நோயை நீக்க மாட்டேன் என்கிறீரே’ என்ற கேள்வியில்தான் பாட்டே தொடங்குகிறது. “ஆற்றேன் அடியேன்” என்கிறார், என்னால் தாங்க முடியவில்லை என்று. அந்தப் பதிகத்திலேயே “தமிழோடு இசைபாடல் மறந்தறியேன்” என்கிற வரியும் வருகிறது. சுந்தரர் இன்னும் ஒருபடி மேல். பார்வை போய் ஆரூரில் நிற்கும்போது “வாழ்ந்து போதீரே” என்று இறைவனிடமே கோபித்துக்கொள்கிறார், நீரே நன்றாக வாழ்ந்து போம் என்று. அதையும் தேவாரமாகத்தான் ஓதுவார்கள் பண்ணோடு பாடுகிறார்கள்.

பக்கத்தில் ஒரு திலகவதியார் வேண்டும் தம்பி. அது மட்டும்தான் நான் சொல்ல வந்தது.

---

லிங்கராஜபுரம்அக்கா · புதன் காலை 5.40

அல்சூர் ஐயாவுக்கு நன்றி. எங்கள் தெரு ஓதுவார் மாமா பாடுவதைச் சின்ன வயதில் கேட்டிருக்கிறேன், அர்த்தம் இன்றைக்குத்தான் தெரிந்தது.

தம்பி எங்கே போனீர்கள்? ஒரு வார்த்தை போடுங்கள்.

---

பெல்லந்தூர்வாசி · ஞாயிறு மாலை 5.20

இருக்கிறேன் அக்கா. மன்னிக்கணும், எழுத வரவில்லை.

செவிலி அக்கா கேட்ட கேள்விகளில் இரண்டுக்கு ஆம் என்று சொல்ல வேண்டியிருந்தது. 14416க்குப் பேசினேன். எடுத்தவர் பொறுமையாகக் கேட்டார், டாக்டரைப் பார்க்கச் சொன்னார், போகிறேன். அம்மாவிடமும் சொல்லிவிட்டேன். “இதுக்காடா இத்தன நாளு மறச்ச?” என்றார்கள். அப்பாதான் கொஞ்ச நேரம் பேசவில்லை, பிறகு போனை வாங்கி “ஊருக்கு வந்துட்டுப் போ” என்றார்.

அறையில் 13ஆம் சங்கீதம் பாடிப் பார்த்தேன். அது ஆறே வசனம். முதலில் “எதுவரைக்கும் என்னை மறந்திருப்பீர்” என்று கேட்டுவிட்டு, கடைசியில்தான் “அவரைப் பாடுவேன்” என்கிறது. ராகம் ஒன்றும் தெரியாது, பாட்டி வேதம் வாசிக்கிற இழுவையிலேயே பாடினேன். நாலாவது வசனம் வரைக்கும் வந்தது. அதற்கு மேல் வரவில்லை, மூடி வைத்துவிட்டேன்.

நேற்று தங்கவயல் அக்கா வீட்டில் சிலர் கூடுகிறார்கள் என்று தனிச்செய்தி அனுப்பியிருந்தார்கள். மர்ஃபி டவுன் போனேன். அக்காவின் அம்மா என்னைப் பார்த்ததும் பாயின் நடுவைக் காட்டினார்கள். பாடவில்லை, கேட்டேன். முடிக்கும்போது இம்மானுவேலின் பாட்டை எடுத்தார்கள். கூப்பரை நினைத்துக்கொண்டே கேட்டேன், கடைசிச் சரணத்தில் என் வாயும் சேர்ந்துகொண்டது. வேலை இன்னும் கிடைக்கவில்லை. புதன்கிழமை ஒரு இன்டர்வியூ இருக்கிறது.

---

காக்ஸ்டவுன்பாடகர் · ஞாயிறு இரவு 7.00

நாலு வசனம் நல்ல தூரம் தம்பி. ஒரு தொழில் ரகசியம் சொல்கிறேன். பாமாலை மெட்டுகளைப் புத்தகத்தில் உள்ள சுருதியிலேயே பாட வேண்டாம். அவை பெண்களின் மேல் குரலுக்காக எழுதியவை. சோர்ந்திருக்கும்போது நெஞ்சில் காற்று நிற்காது, உச்சிக்குப் போனால் குரல் உடையும், உடைந்ததும் மனசும் விட்டுவிடும். சுருதியைக் கொஞ்சம் இறக்கி, பேசுகிற குரலிலேயே தொடங்குங்கள். ஆராதனை நடத்துகிற பிள்ளைகளுக்கும் இதைச் சொல்லுங்கள். முதல் பாட்டாவது எல்லாரும் எட்டிப் பிடிக்கிற உயரத்தில் இருக்கட்டும்.

---

ஹோரமாவுஜெபவீரன் · ஞாயிறு இரவு 9.15

தம்பி, உங்களுக்காக ஜெபித்துக்கொண்டிருக்கிறேன், புதன்கிழமையும் ஜெபிப்பேன். ஐயா எழுதின கெத்செமனே விஷயத்தை இன்றைக்கு எங்கள் கூட்டத்தில் வாசித்துக் காட்டினேன். கூட்டம் முடிந்ததும் ஒரு பையன் தனியாக வந்து பேசினான். ரொம்ப நாளாகத் துதி வேளையில் வாயை மட்டும் அசைத்துக்கொண்டு நின்றானாம்.

தங்கவயல் சிஸ்டர், சனிக்கிழமை அவனை உங்கள் வீட்டுக்கு அழைத்து வரலாமா? நானும் வருகிறேன். கிட்டார் எடுத்து வரட்டுமா?

---

தங்கவயல்பேத்தி · ஞாயிறு இரவு 9.50

கண்டிப்பாக வாருங்கள் பிரதர். ஆறு மணிக்குத் தொடங்குவோம், முதல் அரைமணி பேச்சுதான். கிட்டார் கொண்டு வாருங்கள், ஆம்ப் வேண்டாம், மாடியில் கைக்குழந்தை இருக்கிறது. பையனிடம் பாடச் சொல்வார்கள் என்று பயப்பட வேண்டாம் என்று முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். இந்த வாரம் எடுத்துக் கொடுக்க ஆள் தேவை, அம்மாவுக்குத் தொண்டை சரியில்லை. பெல்லந்தூர் தம்பி, புதன்கிழமை எப்படிப் போனாலும் சனிக்கிழமை நீங்கள் ஒரு பாட்டு எடுக்க வேண்டும். எதை எடுக்கிறீர்கள் என்று வெள்ளிக்கிழமைக்குள் சொல்லிவிடுங்கள், பாட்டுப் புத்தகத்தில் பக்கம் குறித்து வைக்கிறேன்.